மடக்கு ஏர்கன்: ஸ்பிரிங் மாற்றியும் வேகம் வரவில்லை (டயானா 35 வகை, தோல் வாஷர்)

சுருள்வில் (மன்றத்தில் இந்த இழையைத் தொடங்கியவர்)

துப்பாக்கி டயானா 35 அச்சில் நம் நாட்டில் செய்த, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. 4.5 மி.மீ. பிஸ்டனில் தோல் வாஷர். பல வருடம் பரணில் கிடந்தது.

10 மீட்டரில் பழைய பிஸ்கட் டப்பாத் தகரத்தில் குண்டு பள்ளம் போடுகிறது, துளைக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று லோக்கலில் சுற்றிய கெட்டி ஸ்பிரிங் போட்டாயிற்று. இப்போது மடக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, உதை அதிகம், "டொங்" என்று ஒரு சத்தம், முதல் நாலைந்து சுடுதலில் வாய் வழியாகப் புகை. வேகம் மட்டும் ஏறவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

தோல்வாஷர்

ஸ்பிரிங்கைக் கடைசியில் பார்த்திருக்க வேண்டும், நீங்கள் முதலில் பார்த்துவிட்டீர்கள். இந்த வகைத் துப்பாக்கியில் குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங் இல்லை, காற்று. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, அந்தக் காற்று சிறு துளை வழியாகக் குண்டின் பின்னால் போகிறது. நடுவில் எங்கே ஒழுகினாலும் ஸ்பிரிங்கின் பலம் வெறும் உதையாகத்தான் தோளுக்கு வரும். பம்ப் ஸ்டவ்வில் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பிரஷர் ஏறாது இல்லையா, அதே கதை.

பார்க்கும் வரிசை இது: பிரீச் சீல் (பேரல் மூடும் இணைப்பில் காற்றை அடைக்கும் வளையம்), பிஸ்டன் வாஷர், பேரல் பூட்டு, அப்புறம் ஸ்பிரிங்.

பிரீச் சீலுக்குச் சோதனை: டிஷ்யூ பேப்பரில் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். பேரல் மூடியிருக்கும் இணைப்பின் மேல் அதைத் தளர்வாகப் படர விடுங்கள். குண்டு போட்டுத்தான் சுட வேண்டும். துண்டு எம்பினால் அங்கே ஒழுகல். மேல், இடது, வலது மூன்று பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள், எந்தப் பக்கம் என்பது பின்னால் உதவும்.

புகை வந்தது புது ஸ்பிரிங்கில் இருந்த எண்ணெய். சிலிண்டர் முன்பக்கம் தெறித்து, நெருங்கிய காற்றின் சூட்டில் எரிந்திருக்கிறது. நாலு தடவையில் நின்றுவிட்டதால் பரவாயில்லை. நிற்காமல் பட்டாசு மாதிரி வெடித்தால் தோல் கருகும், ஸ்பிரிங் முறியும்.

கணக்குப்பிள்ளை

தகரத்தில் பள்ளம் என்பது அளவு ஆகாது, டப்பாவுக்கு டப்பா தகரம் மாறும். குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) இல்லாமலே அளக்கலாம், போன் போதும்.

சுடும் இடத்திலிருந்து சரியாக 10 மீட்டர் டேப் பிடித்து அங்கே ஒரு தகரத்தட்டைத் தொங்க விடுங்கள். பின்னால் மணல் மூட்டை. போனைத் துப்பாக்கி வாய் அருகே வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆடசிட்டி மாதிரி எடிட்டரில் திறந்தால் இரண்டு கூர்முனை தெரியும்: ஒன்று சுட்ட சத்தம், மற்றது தட்டில் பட்ட சத்தம். இடைவெளியை மில்லி செகண்டில் படியுங்கள். அதில் தட்டுச் சத்தம் 10 மீட்டர் திரும்பி வர எடுத்த நேரமும் சேர்ந்திருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர், ஆக 28.6 மில்லி செகண்ட்.

உதாரணம்: இடைவெளி 85 என்றால் 85 – 28.6 = 56.4. 10 மீட்டரை 0.0564 ஆல் வகுத்தால் 177 மீ/செ. இது வழி முழுவதற்குமான சராசரி, வாயில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

குண்டின் எடையையும் சொல்லுங்கள். நகைக்கடைத் தராசில் 10 குண்டைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் சரியாக வரும். அரை கிராம் குண்டு 200 மீ/செ போனால் அதன் சக்தி 10 ஜூல், 150 போனால் 5.6 ஜூல்.

சுருள்வில்

10 குண்டு 5.0 கிராம். ஐந்து தடவை பதிவு செய்ததில் இடைவெளி 101 முதல் 107 வரை, சராசரி 104.

டிஷ்யூ மூன்று பக்கமும் பறக்கிறது. இடது பக்கம்தான் அதிகம்.

பழைய ஸ்பிரிங் இருக்கிறது. கம்பி 3.2 மி.மீ, வெளிவிட்டம் 20, 34 சுற்று, வளைவு இல்லை, முறிவும் இல்லை. புதியது கம்பி 3.5, அதே வெளிவிட்டம், 33 சுற்று.

கணக்குப்பிள்ளை

104 என்றால் 132 அல்லது 133 மீ/செ, அதாவது 4.4 ஜூல்.

இப்போது ஸ்பிரிங். சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 3.2-லிருந்து 3.5 போனால் அதற்கு மட்டுமே 43 சதவீதம். வெளிவிட்டத்தை மாற்றாமல் கம்பியைத் தடித்ததால் சராசரி விட்டமும் குறைந்திருக்கிறது, அதையும் சேர்த்தால் பழையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நீங்கள் அரை மடங்கு கூடுதலாக உழைத்து மடக்குகிறீர்கள், பலன் 4.4 ஜூல். இவ்வளவும் சிலிண்டர் தலையில் போய் இடிக்கிறது.

இன்னொன்று பலர் கவனிக்காதது. சுற்று எண்ணிக்கையைக் கம்பி விட்டத்தால் பெருக்கினால் ஸ்பிரிங் முழுக்க நெருங்கிய நீளம். 33 × 3.5 = 115.5 மி.மீ. ஸ்பிரிங் இல்லாமல் வெறும் பிஸ்டனைப் பின்னால் தள்ளிச் சியர் கொக்கியில் (டிரிக்கரை அழுத்தும்வரை பிஸ்டனைப் பிடித்து வைப்பது) மாட்டவிட்டு, பிஸ்டனின் உள்முகத்திலிருந்து கைடின் (ஸ்பிரிங்குக்குள் நிற்கும் தண்டு) அடித்தட்டு வரை அளந்து பாருங்கள். அந்த இடம் நெருங்கிய நீளத்தைவிட 4, 5 மி.மீ ஆவது அதிகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றோடு சுற்று முட்டும், கொக்கியில் மாட்டவும் மாட்டாது. மாட்டவில்லையே என்று பேரலைப் பலமாக இழுத்தால் மடக்கு நெம்புகோல் வளையும்.

லேத்துப்பட்டறை

பிரிக்கப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஒருமுறை பிரித்தவர் என்பதால் அவர் எப்படிச் செய்தார் என்று கேட்கவில்லை, கேட்டால் பயமாக இருக்கும்.

ஸ்பிரிங் உள்ளே ஓய்வாக இல்லை. மடக்காத நிலையிலும் 3 முதல் 7 செ.மீ வரை அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். பின்கட்டையின் (சிலிண்டரின் பின்வாயை அடைக்கும் துண்டு) குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்த நொடியில் அது முகத்துக்கு வரும். நெஞ்சில் முட்டுக் கொடுத்து, துணி சுற்றிக் கையால் பிடித்துக் கழற்றும் வீடியோக்களைப் பார்த்து யாரும் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரஸர் செய்ய நாலு அடிப் பலகை ஒன்று, இரு முனையிலும் போல்ட் போட்ட கோண இரும்பு, ஒரு கோணத்தில் நட் வெல்டிங் செய்து அதில் எம்12 மரைக்கம்பி. கம்பி முனையில் நைலான் அல்லது மரக்குமிழ், பின்னைத் தட்ட வழி விட்டுப் பக்கத்தில் வெட்டு. மரை ஓட்டம் 10 செ.மீ-க்குக் குறையக் கூடாது. லேத் வைத்திருப்பவருக்கு இதுவும் வேண்டாம், டெயில்ஸ்டாக் போதும். லேத்தை மட்டும் சுற்ற விடாதீர்கள்.

ஒழுங்கு:

குண்டு இல்லை, மடக்கி நிற்கவில்லை என்று உறுதி செய்க. மரக்கட்டையின் முன்பக்க இரண்டு ஸ்குரூ, டிரிக்கர் கார்டு ஸ்குரூ, மூன்றையும் கழற்றுங்கள். இரும்பு தனியாக வரும். கம்பிரஸரில் வைத்து, பின்கட்டையை ஒன்றிரண்டு மி.மீ உள்ளே அழுத்தினால் பின்கள் தளரும், தட்டி எடுத்து மரையை மெதுவாகத் திருப்பி ஸ்பிரிங்கை முழுக்க ஓய விடுங்கள். சில மாடலில் குறுக்குப் பின் இருக்காது, பின்கட்டையே மரையில் ஏறியிருக்கும். அதையும் கம்பிரஸரில் வைத்துத்தான் திருக வேண்டும், கடைசி இரண்டு மரையில் துள்ளும்.

டயானாவின் பந்து டிரிக்கர் வகை என்றால் பின்பக்கத்தில் மூன்று சிறு எஃகு பந்துகள் உண்டு. அடியில் வெள்ளைத்துணி விரித்துக் கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் ஒன்று உருண்டால் அன்றைய பொழுது போயிற்று. மாட்டும்போது கிரீஸில் ஒட்டவைத்து மாட்ட வேண்டும்.

பிஸ்டன் இன்னும் வராது. பேரல் அச்சு போல்ட்டின் பூட்டு ஸ்குரூவை முதலில் எடுத்து, பிறகு போல்ட், பேரலை இறக்கி, நெம்புகோலைப் பிஸ்டன் வெட்டிலிருந்து விடுவித்தால் பிஸ்டன் நழுவி வரும். அச்சின் இரு பக்கமும் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். எது இடது எது வலது என்று குறித்து வையுங்கள், தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

சுருள்வில்

பிரித்தாயிற்று, கம்பிரஸரில்தான். தோல் வாஷர் கறுத்து, கல் மாதிரி. விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கிறது, வெட்டுக்கோடு ஒன்று நீளவாக்கில். சிலிண்டர் உள்விட்டம் 28.0. தோல் வாஷர் கடையில் கிடைக்கவில்லை.

தோல்வாஷர்

கடையில் தேட வேண்டாம், செய்துகொள்ளலாம். ஆனால் தோல் தேர்வில் ஏமாறாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூவின் மேல்பாகத்துக்குப் போகும் குரோம் தோல் மெத்தென்று இருக்கும், நனைத்து அச்சில் அழுத்தினாலும் காய்ந்ததும் தட்டையாகவே திரும்பும். நமக்கு வேண்டியது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலுக்கு நீண்ட காலப் பெயர் உண்டு. செருப்புத் தைப்பவரிடம் அடித்தோல் என்று கேட்டால் தருவார். 3 மி.மீ தடிமன். வெட்டுமுகம் முழுக்க ஒரே பழுப்பாக, நார் நெருக்கமாக இருக்க வேண்டும். பெல்ட்டை வெட்டாதீர்கள், பாதிக்கு மேல் இரண்டு மெல்லிய தோலை ஒட்டியது.

அச்சு: ஒரு இரும்புத் தட்டில் 28.0 துளை, அதன் வாய் விளிம்பு உருட்டியிருக்க வேண்டும், கூராக இருந்தால் தோல் கிழியும். தோலை உள்ளே அழுத்தும் உருளை, 28-லிருந்து இரண்டு பக்கத் தோலைக் கழித்து 22 மி.மீ. அதன் முனையும் லேசாக உருட்டல். வாஷர் கிண்ணம் மாதிரி வர வேண்டும். அது 8 மி.மீ ஆழம் வேண்டுமென்றால் வட்டம் 28 + 16 = 44, வெட்டிச் சமன்செய்ய 2 சேர்த்து 46.

வட்டத்தைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் கூடாது, பட்டைத்தோல் சூட்டில் சுருங்கி மொடமொடவென்று ஆகிவிடும். ஊறியதை அச்சின் மேல் நடுப்பார்த்து வைத்து, பெஞ்ச் வைஸில் கால் திருகு, ஒரு நிமிடம், மறுபடி கால் திருகு என்று இறக்குங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் மூலையில் வெடிக்கும். அச்சோடேயே நிழலில் ஒரு நாள் காயட்டும். காய்ந்த பின் உருளை உள்ளே இருக்கும்போதே விளிம்பைப் பிளேடால் சுற்றி வெட்டி, 220 உப்புத்தாளில் சமன் செய்யுங்கள். நடுத்துளை கடைசியில்.

பிறகு எண்ணெய். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் எண்ணெயில் போட்டால் குமிழி வரும். குமிழி நிற்கும்வரை, இரவு முழுக்க என்றாலும், கிடக்கட்டும். எடுத்துத் துடைத்து, தொங்கவிட்டு வடியவையுங்கள். சொட்டச் சொட்ட மாட்டினால் முதல் பத்து சுடுதலும் தீபாவளி.

மாட்டும்போது மூன்று விஷயம்.

ஒன்று, கிண்ணத்தின் வாய் முன்பக்கம் பார்க்க வேண்டும், காற்று உள்ளே புகுந்து விளிம்பைச் சுவரோடு அழுத்தும். அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கும் காலி இடம் நமக்கு நஷ்டம், அதில் நெருங்கும் காற்று குண்டுக்குப் போகாது. அதனால்தான் பழைய ஸ்குரூவின் தலை அவ்வளவு பெரிதாக இருக்கும். தொலைந்துபோய்ச் சின்ன ஸ்குரூ போட்டால், கிண்ணத்தை நிரப்புகிற மாதிரி ஒரு அலுமினிய வில்லையையும் சேர்த்துப் போடுங்கள். வில்லையோ தலையோ தோல் விளிம்பைவிட வெளியே நீட்டக் கூடாது.

இரண்டு, ஸ்குரூ மரையில் லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை). இது தளர்ந்தால் சிலிண்டர் தலையில் ஸ்குரூ மோதும், காற்றுத் துளையின் வாயே சிதையும்.

மூன்று, உங்கள் வாஷரில் நீளவாக்கில் இருந்த அந்த வெட்டு. நெம்புகோல் ஓடும் நீள வெட்டின் விளிம்பு கத்தியாக இருக்கிறது. முன்பு மாட்டியவர் அதன் மேல் தோலை இழுத்திருக்கிறார். வெட்டின் உள்விளிம்பு முழுக்க மெல்லிய அரத்தால் தேய்த்துக் கூரை மழுக்குங்கள், துகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறமும் குடிநீர் பாட்டிலில் வெட்டிய பிளாஸ்டிக் பட்டையை வெட்டின் மேல் உள்பக்கமாகப் படரவைத்து, அதன் மேல் வாஷரை வழுக்கவிட்டு, தாண்டியதும் பட்டையை உருவுங்கள்.

ஸ்பிரிங் போடும் முன் ஒரு சோதனை. காற்றுத் துளையை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனைக் கட்டைக் குச்சியால் முன்னே தள்ளுங்கள். சைக்கிள் பம்ப் வாயை மூடி அமுக்கினால் எப்படி எம்புமோ அப்படிப் பின்னால் வர வேண்டும். விரலை எடுத்தால் கொஞ்சம் பிடிப்போடு கையாலேயே நகர வேண்டும். சுத்தியல் வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், உப்புத்தாளில் இன்னும் இரண்டு சுற்று.

பாலிமர்

இந்தக் காலத்திலும் செருப்புத் தோலா? பாலியூரிதேன் சீல், டெஃப்லான் தலை என்று எவ்வளவோ வந்துவிட்டது. லேத்தில் டெஃப்லான் உருளையைக் கடைந்தால் பத்து நிமிடம், எண்ணெயே வேண்டாம்.

தோல்வாஷர்

டெஃப்லான் கெட்டதில்லை. ஆனால் அடி வாங்க வாங்க அது பக்கவாட்டில் பிதுங்கும், திரும்பாது. சிலிண்டர் ஒரே விட்டத்தில் கண்ணாடி மாதிரி இருந்தால் நன்றாக உட்காரும். பழைய சிலிண்டரில் ஒரு இடம் 28.0, இன்னொரு இடம் 28.1, துருக்குழி வேறு. தோல் அதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும். ஹோனிங் செய்த (உள்சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சமன் செய்த) சிலிண்டர் இருந்தால் பாலிமர் சொல்வதைக் கேளுங்கள்.

செயற்கை என்றாலே நிலைக்கும் என்றும் இல்லை. ஃபைன்வெர்க்பாவ் 124 மாதிரி எழுபதுகளின் ஜெர்மன் துப்பாக்கிகளில் வந்த சீல், சுடாமல் பெட்டியில் இருந்தாலும் மெழுகு மாதிரி உதிரும். அந்தக் காலத் தோல் வாஷர் எண்ணெய் விட்டால் எழுந்து உட்காரும்.

நீலகிரிக்காரன்

எந்த எண்ணெய் என்று யாரும் சொல்லவில்லையே. தேங்காய் எண்ணெய் விடலாமா?

லேத்துப்பட்டறை

பம்ப் ஸ்டவ்வுக்கு விட்ட பழக்கத்தில் எல்லோரும் கேட்பது. தம்பி, உங்கள் பெயரே பதில். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊட்டியில் பிஸ்டன் நெய்யில் நிற்கிற மாதிரி நிற்கும். நாள்பட்டால் சிக்குப் பிடித்து நாறவும் செய்யும்.

தோலுக்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக்கால் எண்ணெய்) சிறப்பு, குதிரைச் சேணச் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய். கெட்டியானது, தோலில் தங்கும். ஊறவைக்க இது. அதற்குப் பிறகு 500 குண்டுக்கு ஒருமுறை காற்றுத் துளையில் இரண்டு சொட்டு, துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு இரவு. செயற்கை சீல் என்றால் சிலிக்கான் எண்ணெய், ஒரே சொட்டு. சிலிக்கானை ஸ்பிரிங்கிலோ அச்சிலோ விடாதீர்கள், இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது வழுக்காது.

டபிள்யூடி-40 உள்ளே அடிக்கவே கூடாது. வெடிக்கும், இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். வெளியே துரு துடைக்க மட்டும்.

பிஸ்டனின் பின்பாதியிலும் நெம்புகோல் உரசும் இடத்திலும் மாலிப்டினம் கிரீஸ், விரலில் ஒட்டும் கறுப்புக்கறை அளவுக்கு. கார் ஸ்பேர் கடையில் சிவி ஜாயிண்ட் கிரீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் அதுதான். வாஷருக்கு முன்னால் ஒரு துளியும் கூடாது.

"டொங்" சத்தத்துக்கு: ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கும் கைடுக்கும் நடுவே ஆட்டம். கைடை நைலானில் கடைந்து, ஸ்பிரிங் கையால் திருகினால்தான் ஏறும் என்கிற அளவுக்கு வையுங்கள். சத்தம் பாதி போகும். மீதிக்குக் கெட்டிக் கிரீஸ்.

பலூன்கடை

இது கொஞ்சம் வேறு கேள்வி. மெரினா மாதிரி இடத்திலும் கோவில் திருவிழாவிலும் பலூன் சுட வைக்கும் துப்பாக்கிகள் நாளுக்கு நூற்றுக்கணக்கில் சுடும். ஒன்றில் ஸ்பிரிங் நடுவில் முறிந்து இரண்டு துண்டு. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று திருகிப் போட்டு ஓடுகிறது. இப்படியே விடலாமா? இன்னொன்றில் பேரல் ஆடுகிறது.

லேத்துப்பட்டறை

முறிந்த ஸ்பிரிங் ஓடும், ஆனால் முறிந்த முனை பிஸ்டன் உள்சுவரைக் கீறிக்கொண்டே போகும். மடக்கும்போது கரகரவென்று கேட்கிறதா? கேட்டால் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் முனைகளை அரத்தால் மழுக்கி, நடுவில் எஃகு வாஷர் வைத்துப் போடலாம். முனையைப் பழுக்கக் காய்ச்சி மடிப்பார்கள் சிலர், காய்ச்சிய இடம் பதம் போய் அங்கேயே மறுபடி முறியும். புதிது சுற்றச் சொல்லும்போது கம்பி விட்டம், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை, நீளம், இரு முனையும் மூடித் தட்டையாகத் தேய்த்தது என்று ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். மியூசிக் ஒயர் (ஸ்பிரிங்குக்கான எஃகுக் கம்பி) என்று கேளுங்கள். சுற்றியதும் ஐந்தாறு முறை முழுக்க நெருக்கி விட வேண்டும். ஒன்றிரண்டு செ.மீ குறையும், குறையட்டும். குறைந்த பின் உள்ளதுதான் உண்மையான நீளம்.

உங்கள் தேவைக்கு ஒரு யோசனை. மூன்று நாலு மீட்டரில் பலூனுக்கு 3 ஜூல் தாராளம். 3.0 கம்பியில் மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள். மடக்குபவர் கை நோகாது, வாஷர் இரண்டு மடங்கு உழைக்கும், பலகையில் பட்டுத் தெறிக்கும் குண்டும் மெதுவாக வரும். அப்போதும் வெறும் பலகை கூடாது. பலூனுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, கனமான சாக்கைத் தளர்வாகத் தொங்கவிட்டால் குண்டு அங்கேயே செத்து விழும். சுடுபவருக்குக் கண்ணாடி கொடுங்கள்.

குண்டு இல்லாமல் "சும்மா" சுட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள். ஸ்பிரிங் முறிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். குண்டு இருந்தால் காற்று மெத்தையாக நின்று பிஸ்டனைத் தாங்கும், இல்லாவிட்டால் நேராகத் தலையில் அறை.

மரைத்திருகி

பேரல் ஆட்டம். மடக்கிய பின் பேரலை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், தொபுக்கென்று விழுந்தால் அச்சு தளர்வு. பூட்டு ஸ்குரூவைத் தளர்த்தி, அச்சு போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி பூட்டுங்கள். இறுக்கியும் பக்கவாட்டில் ஆடினால் ஷிம் தேய்ந்திருக்கிறது. கடற்கரைத் துப்பாக்கியில் மணல்தான் உப்புத்தாள். வாரம் ஒருமுறை அச்சைத் துடைத்து கிரீஸ் வையுங்கள்.

பேரலைப் பூட்டும் ஆப்பு மழுங்கினாலும் ஒழுகும். சுடும் கணத்தில் பேரல் மயிரிழை திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியாது, டிஷ்யூவுக்குத் தெரியும். ஆப்பின் பின்னால் இருக்கும் சிறு ஸ்பிரிங்கை மாற்றினாலே பல சமயம் சரியாகும்.

குறி சிதறினால் பேரல் வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாயைத் தரையில் ஊன்றிச் சாய்த்துவைத்த துப்பாக்கிகளில் விளிம்பில் ஒரு நசுக்கல் இருக்கும். உருண்டைத் தலைப் பித்தளை ஸ்குரூவைக் கை டிரில்லில் பிடித்து, தலையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வாயில் வைத்து மெதுவாக, டிரில்லைச் சற்று வட்டமாக ஆட்டிக்கொண்டே சுற்றுங்கள். ஒரு நிமிடத்தில் சுற்றிலும் சீரான பளபளப்பு வளையம் வரும். வளையம் முழுமையானதும் நிறுத்தி விடுங்கள். ஆரம்பிக்கும் முன் பேரலுக்குள் ஒரு துணி அடைப்பு, பேஸ்ட் உள்ளே போனால் வரிப்பள்ளம் தேயும்.

பேரல் மேல்நோக்கி வளைந்திருந்தால், யாரோ பேரல் திறந்திருக்கும்போதே டிரிக்கரை அழுத்தியிருக்கிறார்கள். அப்போது பேரல் அடித்து மூடும். கட்டையின் கழுத்திலும் விரிசல் தேடுங்கள், இரண்டும் சேர்ந்தே வரும்.

சியர்

அதை ஒட்டி ஒன்று. குண்டு வைக்கும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது, எவ்வளவு நம்பிக்கையான துப்பாக்கி ஆனாலும். கொக்கி வழுக்கினால் கட்டைவிரல் போகும்.

பிரித்து மாட்டிய பின் கொக்கிச் சோதனை: குண்டு போட்டு, மடக்கி, மூடி, மணல் மூட்டையை நோக்கிப் பிடித்து, விரலை டிரிக்கரில் வைக்காமல் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் பலமாக நாலு தட்டு. விடுபட்டால் கொக்கி தேய்ந்திருக்கிறது. அதை எண்ணெய்க் கல்லில் தீட்டி "சரிசெய்யாதீர்கள்". மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, தீட்டினால் அடியில் இருக்கும் மெத்து இரும்பு வெளியே வரும், ஒரு மாதத்தில் முன்பைவிட மோசம். மாற்ற வேண்டிய உறுப்பு அது. மாற்றுக் கிடைக்காத துப்பாக்கியைச் சுவரில் மாட்டுங்கள்.

பாலிமர்

கட்டை விரிசலுக்கு அரால்டைட், மெதுவாகக் காயும் வகை. முதலில் விரிசலை விரித்து அசிட்டோனில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள், வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய் மேல் எந்தப் பசையும் நிற்காது. கழுத்து விரிசல் என்றால் குறுக்கே 4 மி.மீ பித்தளை மரைக்கம்பி ஒன்று. கட்டை ஸ்குரூக்கள் அடிக்கடி தளர்ந்தால் நட்சத்திர வாஷர். குறி திடீரென்று அலைந்தால் முதலில் இந்த ஸ்குரூக்களைத்தான் பார்க்க வேண்டும்.

பிசிபி (முன்கூட்டியே அழுத்தக் காற்று அடைத்துவைக்கும் துப்பாக்கி) பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: அது 200 பார் விவகாரம். ஓ-ரிங் மாற்றும் முன் சிலிண்டர் முழுக்கக் காலியா என்று மீட்டரை நம்பாமல் உறுதி செய்யுங்கள். பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளியும் கூடாது, சிலிக்கான் கிரீஸ் மட்டும். கேஸ் ராம் (ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த உருளை) என்றால் வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம், முழுசாக மாற்றுங்கள்.

நெறியாளர்

இழை உபயோகமாகப் போகிறது, ஒரே ஒரு குறுக்கீடு. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ-க்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ இருந்தால் உரிமம் வேண்டும். அரை கிராம் குண்டுக்கு அது சுமார் 283 மீ/செ. அதைத் தாண்ட வழி கேட்கும் பதிவுகள் நீக்கப்படும். கொக்கு, மயில் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சும் இங்கே வேண்டாம்.

சுருள்வில்

புது வாஷர், பிரீச்சுக்குப் புதுத் தோல் வளையம், பழைய 3.2 ஸ்பிரிங். இடைவெளி இப்போது 83 முதல் 85, சராசரி 84. ஒரு கையால் மடக்க முடிகிறது. பிஸ்கட் டப்பா துளைக்கிறது.

டிஷ்யூ மேலேயும் வலதிலும் அசையவில்லை. இடதில் மட்டும் இன்னும் லேசாக நடுங்குகிறது. பிரீச் வளையத்துக்கு அடியில் பால் கவரை வட்டமாக வெட்டி இரண்டு வைத்தும் அப்படியே.

கணக்குப்பிள்ளை

84 என்றால் 180 மீ/செ, 8.1 ஜூல். மெல்லிய ஸ்பிரிங்கில் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த 3.5-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அவரும் இங்கே வந்து இழை தொடங்குவார்.

தோல்வாஷர்

இன்னும் கவர் சேர்க்காதீர்கள். வளையம் முகத்துக்கு மேல் 0.2, 0.3 மி.மீ நீட்டினால் போதும், அதற்கு மேல் போனால் ஆப்பு முழுக்க உட்காராது, மேலேயும் ஒழுக ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் சீல் குற்றம் இல்லை, பேரல் கோணலாக மூடுகிறது. பிரிக்கும்போது ஷிம் இடது வலது மாறிப் போயிருக்கலாம். பிரீச் முகத்தில் பேனா மையை மெல்லிசாகத் தடவி மூடித் திறங்கள். தோல் வளையத்தில் மை வலதில் அழுத்தமாகவும் இடதில் மங்கலாகவும் பட்டால், அச்சை எடுத்து இரண்டு ஷிம்மையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி மை பாருங்கள். மாற்றியும் சரியாகாவிட்டால் அச்சுத் துளையே ஒரு பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அதற்கு லேத்துப்பட்டறை சார்தான் புஷ் அடித்துத் தர வேண்டும்.

சுருள்வில்

ஷிம் மாறித்தான் இருந்தது. ஒன்று 0.5, மற்றது 0.4. மாற்றிப் போட்டதும் மை சுற்றிலும் ஒரே அழுத்தம், டிஷ்யூ மூன்று பக்கமும் அசையவில்லை.